தேயாத டயர்

புது சைக்கிள் டயரின் மேல் சின்னச் சின்னதாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். அச்சில் வார்க்கும்போது கசிந்து வருவது அது. வண்டி ரோட்டில் ஓட ஆரம்பித்தால் நடுவில் இருக்கிற முடி இரண்டு மூன்று நாளில் தேய்ந்துவிடும். ஓரத்தில் இருப்பது கொஞ்ச நாள் தாங்கும். உங்களுக்கென்று முதல் சைக்கிள் வாங்கி வந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அந்த முடியை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பிடுங்கினீர்கள். நான் உள்ளேயிருந்து வந்து கத்தினேன். இதற்குப் போய் அப்பா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. நம் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருப்பாள். பக்கத்தில் எங்கள் சார். பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டையில் நான். "அந்த அக்கா ஏன் கேமராவைப் பார்க்கல?" என்று சின்னவன் கேட்டான். வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்று சொன்னேன். அந்தப் படம் கட்டடத்துக்குள் எடுத்தது. அங்கே வெயிலே கிடையாது.

பெரியவள் ஐந்தாம் வகுப்பில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி கண்டுபிடித்தவர் என் அப்பா என்று எழுதி, பரிசாக வந்த டிபன் பாக்ஸை எனக்கே கொடுத்தாள். எத்தனையோ வருஷம் அதில்தான் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாய் வராது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, படித்தது ஐ.டி.ஐ. வெல்டர். ஆனாலும் பேச முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் புளியமரங்கள் நிறைந்த ஒரு வளாகத்துக்குள் எங்கள் ஷெட் இருந்தது. ஊனமுற்றோருக்கான கருவி ஆராய்ச்சிப் பிரிவு என்று போர்டு. அப்போது அப்படித்தான் சொல்வோம். பெயர்தான் ஆராய்ச்சி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு லேத், ஒரு கேஸ் வெல்டிங் செட், இரண்டு வைஸ், நாலு ஆள், அவ்வளவுதான். சார் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்த இன்ஜினியர். ஆனால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களோடு குழாய் அறுப்பார். வெளிநாட்டு நாற்காலி ரொம்பக் கனம், உடைந்தால் பாகம் கிடைக்காது என்பது அவர் கவலை. நம் ஊரில் எந்த சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனாலும் பஞ்சர் ஒட்டி, பேரிங் மாற்றித் தரக்கூடிய நாற்காலி வேண்டும் என்பார். அதனால் சைக்கிள் டயர், சைக்கிள் பேரிங், சாதாரண இரும்புக் குழாய் என்று வைத்துச் செய்துகொண்டிருந்தோம்.

மடிக்கிற இடத்தில் குழாய் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாறு தடவை செய்து ஐந்தாறு தடவை உடைந்தது. உள்ளே ஒரு குட்டித் துண்டுக் குழாயைச் செருகி அதன் மேல் வெல்டு வைத்தால் தாங்கும் என்று சொன்னது நான். தாங்கியது. அன்றைக்கு சார் வளாகத்துப் பெரியவர்களை எல்லாம் ஷெட்டுக்கு அழைத்து வந்து, "இந்த ஜாயின்ட் நம்ம தம்பியோட டிசைன்" என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படி நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. நான் தற்காலிக ஆள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆர்டர் புதுப்பிப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு கீழ்க்கட்டளை வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

முதலில் பன்னிரண்டு நாற்காலி செய்து பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்தோம். மாதா மாதம் போய்ப் பார்த்து, அச்சடித்த பாரத்தை நிரப்பி சாரிடம் தர வேண்டும். அந்த வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். போகிற இடத்தில் எண்ணெய் போட்டு, ஸ்போக் முடுக்கிவிட்டு வரலாம் என்பதுதான் காரணம். செய்தவனையே பார்த்துவிட்டு வரச் சொன்னால் அவன் என்ன எழுதுவான் என்று யாரும் யோசிக்கவில்லை. பாரத்தில் மூன்று கட்டம் இருக்கும். தினமும், எப்போதாவது, உபயோகமில்லை. கீழே இரண்டு கோடு, அவர்கள் சொல்வதை எழுதுவதற்கு.

நான் வருகிற நாள் எல்லா வீட்டுக்கும் தெரியும். மாசத்தின் இரண்டாவது செவ்வாய், புதன். அன்றைக்குக் காலையிலேயே நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி, துணியால் துடைத்து, ஆளை அதில் உட்கார வைத்துத் தலைவாரி, காபி போட்டு வைத்திருப்பார்கள். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருக்கும். கீழ்க்கட்டளையில் ரிடையர் ஆன குமாஸ்தா ஒருவர் வீட்டில் நாற்காலியின் கைப்பிடியில் ஈரத்துணி உலர்த்திய வரி தெரிந்தது. ரொம்ப உபயோகமா இருக்கு சார் என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. உபயோகம் இல்லை என்று சொன்னால் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயம். ஆசையாகச் செய்து கொடுத்தவன் மனசு புண்படுமே என்றும் இருக்கும். நான் டயரைப் பார்ப்பேன். முடி அப்படியே இருக்கும். பார்க்காதது மாதிரி காபியைக் குடித்துவிட்டு முதல் கட்டத்தில் டிக் போடுவேன்.

அனகாபுத்தூரில் அந்தப் பெண்ணின் வீடு. நெசவுக்காரக் குடும்பம். ஆற்றுப்பக்கம் இறங்குகிற ஒரு ஒடுக்கமான சந்தில் இருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. அம்மா இல்லை. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அண்ணன் தறி நெய்வான். இவள் தரையில் உட்கார்ந்து ராட்டையில் அவனுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். சோறு வடிப்பது, காய் நறுக்குவது, நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவது எல்லாமே தரையில்தான். தரையில் அவள் கை படாத வேலை இல்லை. நாங்கள் நாற்காலியைக் கொண்டுபோய் அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்தோம். ராட்டை, அடுப்பு, கத்தி எல்லாம் ஒரே நிமிஷத்தில் அவளுக்கு எட்டாமல் போய்விட்டது. சந்து முழுக்கக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. சார் கண்ணில் தண்ணீர். அவள் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று மாதமும் அவள் அண்ணன்தான் கூட நின்று பேசினான். தினமும் உட்காருகிறாள் என்றான். நாலாவது மாதம், ஆவணியில் நான் போனபோது அவன் தறிக்குப் பாவு நூல் வாங்க பம்மல் போயிருந்தான். அப்பா வெளியே திண்ணையில். வீட்டுக்குள் அவளும் அவள் அண்ணியும் மட்டும். அண்ணி ஐந்து மாதக் கர்ப்பிணி. உங்கள் அம்மாவுக்கும் அப்போது அதே ஐந்து மாதம்தான், பெரியவளே, நீ வயிற்றில் இருந்தாய். நாற்காலியின் மேல் நூல் கட்டுகள் அடுக்கியிருந்ததை அண்ணி அவசர அவசரமாக எடுத்தாள். நான் டயர் பக்கம் குனிந்தேன். அந்தப் பெண் ராட்டையை நிறுத்தினாள்.

"இன்னாண்ணா, டயரையே பாத்துக்கினு கீற? அந்த முடிதானே? சொல்லு, கத்திரிக்கோலால வெட்டி வுட்டுடறேன். நீயும் நிம்மதியா எழுதிக்கலாம்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்காலி பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது, ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். அப்புறம், அண்ணன் இல்லாததால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பின்பக்கத்தில் இருக்கிற கக்கூஸுக்கு யாரும் தூக்காமல் தானாகப் போய்வர வேண்டும். இத்தனை வருஷமும் முதலில் அம்மா, பிறகு அண்ணி தூக்கிக்கொண்டு போகிறார்கள். அண்ணி மாசமாக இருப்பதால் இப்போதே மூச்சு வாங்குகிறது. ஐப்பசியில் வளைகாப்பு போட்டு காஞ்சிபுரம் பக்கம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம்தான் திரும்பி வருவாள். அதுவரைக்கும் வீட்டில் இருக்கப்போவது அண்ணனும் அப்பாவும்தான். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த நூலைப் பார்த்துச் சொன்னாள்.

நாற்காலியில் போனால் என்ன என்று கேட்டேன். பின்கதவைப் போய்ப் பார் என்றாள். போய்ப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெருக்கதவு அகலம், பின்கதவு குறுகல். எங்கள் நாற்காலி அதைவிட நாலு விரல் அகலம், நுழையாது. கதவுக்குக் கீழே ஒரு ஜாண் உயரத்துக்கு நிலைப்படி வேறு. கொடுப்பதற்கு முன்னால் பன்னிரண்டு வீட்டிலும் கதவை அளந்தவன் நான்தான். பன்னிரண்டு வீட்டிலும் நான் அளந்தது தெருக்கதவை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு வருவார்கள், உலகத்தைப் பார்ப்பார்கள் என்றுதான் நாங்கள் ஷெட்டில் பேசிக்கொள்வோம். அடுத்தவர் வீட்டுக்குப் போய் உங்கள் கக்கூஸைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். அவர்களுக்கு அதைச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் பன்னிரண்டு நாற்காலி செய்து முடித்திருந்தோம்.

"தெருவுக்குப் போயி நான் இன்னா பண்ணப்போறேன்? எனக்கு ஒரு பலகை போதும். தரையிலருந்து இவ்ளோ ஒசரம், கீழ நாலு சக்கரம். நான் கையை ஊனித் தள்ளிக்குவேன். அந்தப் படியில மட்டும் சரிவா எதனா வெச்சுக் குடு."

இதற்கு நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அதெல்லாம் ரயில்வே ஸ்டேஷனில் பிச்சைக்காரர்கள் வைத்திருக்கும் பலகை, உனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் ஆராய்ச்சி செய்து நாற்காலி கொடுத்திருக்கிறோம் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"பிச்சைக்காரன் பலகைனா இருக்கட்டுமேண்ணா. அவன் போவணும்ன எடத்துக்கு அவனே போறான் இல்ல?"

பிறகு அண்ணியிடம் சிவப்பு நூல் ஒன்றை வாங்கினாள். அண்ணி பின்கதவின் குறுக்கே அதைப் பிடிக்க, அந்த அளவுக்கு வெட்டி, நிலைப்படி உயரத்துக்கு அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டு என்னிடம் கொடுத்தாள். உங்கள் சாரிடம் இதைக் கொடு, அளவு மறந்துவிடாது, பாரத்திலும் எழுதிவிடு, ஐப்பசிக்குள் ஆகிவிட வேண்டும் என்று சொன்னாள். எழுதுகிறேன் என்று சொல்லி நூலைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பல்லாவரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் எப்போதும் பாரம் எழுதுவேன். அன்றைக்கு இரண்டு மின்வண்டியை விட்டுவிட்டேன். முந்தின வாரம்தான் சார் சொல்லியிருந்தார், டெல்லியிலிருந்து ஒரு குழு மாசியில் வரப்போகிறது, இந்த நாற்காலி நன்றாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் நிறையச் செய்யச் சொல்லுவார்கள், உங்களையும் பெர்மனென்ட் ஆக்கிவிடலாம் தம்பி என்று. உங்கள் அம்மாவிடம் அதை நான் அன்றே சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். இது ஒரு காரணம். ஆனால் இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். என் மூட்டு, என் டிசைன் என்று சார் வாயால் சொன்ன நாற்காலிக்குப் பதில் ஒரு பலகை போதும் என்று ஒரு பெண் சொன்னதை என் கையாலேயே எழுத எனக்கு மனசு வரவில்லை.

தினமும் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கீழே இருந்த இரண்டு கோட்டில் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று இங்கிலீஷில் எழுதினேன். அந்த இங்கிலீஷ் எனக்குப் பழகிப் போயிருந்தது, மற்ற பாரங்களிலும் அதையேதான் எழுதுவேன். பையில் இருந்த நூலை எடுத்துப் பார்த்தேன். பாரத்தோடு அதைக் கொடுத்தால் சார் கேள்வி கேட்பார். பெஞ்சுக்கு அடியில் போட்டேன். வண்டி வந்தது, ஏறினேன். பலகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே செய்து கொடுத்துவிடலாம் என்று வண்டியில் நினைத்தேன். அளவு இருந்த நூலைப் போட்டுவிட்டு அதை நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் போயின. புரட்டாசியில் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறி அனகாபுத்தூர் ரோடு முழுகியதாகச் சொன்னார்கள். அந்த மாதமும் நான் அங்கே போகவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்து அவள் பாரத்தை எழுதினேன். கார்த்திகையில் தண்ணீர் வடிந்திருந்தது. அப்போதும் போகவில்லை. மார்கழியிலும் தையிலும் போகவில்லை. போனால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

மாசியில் டெல்லிக் குழு வருகிற நாளுக்கு, பன்னிரண்டு பேரில் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரை அழைத்து வரச் சொன்னார் சார். பாரங்களைப் புரட்டிப் பார்த்து அவரே சொன்னார், அனகாபுத்தூர்ப் பெண்ணை அழைத்து வாருங்கள், மாதா மாதம் மகிழ்ச்சி மகிழ்ச்சி என்றே எழுதியிருக்கிறீர்கள் என்று. வேண்டாம் சார் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது? முதல் நாளே சொல்லிவிட்டு வரப் போனேன்.

அவள் பாயில் படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அவள் அண்ணன் என்னைச் சந்து முனை வரைக்கும் அழைத்துப் போய்ச் சொன்னான். பத்து நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வந்தார்களாம். சிறுநீரில் சீழ் வைத்து, குளிர் ஜுரம் கண்டு, நினைவே தப்பிவிட்டதாம்.

"தண்ணியே குடிக்கல சார். அண்ணிகாரி போனதுலருந்து ஒரு நாளைக்கு அரை டம்ளரு. சோறும் ஒரு வேளைதான். பக்கத்து வூட்டு அம்மா விடிகாலைல வந்து ஒரு தபா தூக்கிக்கினு போவாங்க, அத்தோட மறுநாள்தான். நான் தூக்கறேன்னா வுடமாட்டா. கூடப் பொறந்தவன்தானே சார் நானு?"

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு நூல் விஷயமே தெரியாது. என்னிடம் ஒரு பெரிய மனிதனிடம் முறையிடுவது மாதிரிச் சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குக் காலை வேன் வரும், தங்கச்சியை ரெடியாக வைத்திரு என்றுதான் சொன்னேன்.

மறுநாள் அவள் வந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டி, பூ வைத்து, வேனில் நாற்காலியோடு வந்தாள். வழியில் டிரைவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான், இன்றைக்கு உன் வாயில்தான் இருக்கிறது அந்த வெல்டர் அண்ணனுடைய வேலை, பாவம் அவருக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது என்று. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெரியவளே, நீ பிறந்து அன்றைக்கு இருபது நாள்.

பெரிய ஹாலில் நாற்காலியை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். குழுவில் ஒரு அம்மாள் இருந்தார். நரைத்த தலை, கையில் என் பாரங்கள். அவர் கேட்டதை சார் தமிழில் கேட்டார். தினமும் இதை உபயோகிக்கிறாயாம்மா? அவள் என்னைத் தேடினாள். நான் நாற்காலிக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆமாங்க. தெனமும்."

ஏதாவது அசௌகரியம் உண்டா, மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா, பயப்படாமல் சொல் என்று அந்த அம்மாள் இரண்டு தடவை கேட்டார். நல்ல மனுஷி. உண்மையைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். ஒண்ணும் இல்லீங்க என்றாள் இவள். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோக்காரர் எங்களை நிற்க வைத்து ரெடி என்று சொல்லும்போது, அவள் திரும்பவும் கழுத்தை வளைத்து என்னைப் பார்த்தாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அந்த நூலு கீதாண்ணா?"

"பத்திரமா இருக்கும்மா" என்றேன்.

அப்போதுதான் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. படத்தில் அவள் பார்த்துக்கொண்டிருப்பது என் சட்டைப் பையை.

இரண்டு மாதத்தில் எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அந்த ஆர்டரில்தான் நீங்கள் இரண்டு பேரும் படித்தீர்கள். ஆனால் பலகைக்கு நான் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. படம் எடுத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே அனகாபுத்தூர் போனேன். நூல் இல்லை, திரும்ப அளக்க வேண்டும் என்று சொன்னேன். எப்படித் தொலைந்தது என்று அவள் கேட்கவில்லை. நூலை இழுத்து வெட்டினாள். ஒன்று வெட்டி முடிச்சுப் போட்டு, அதேபோல் இன்னொன்றும் வெட்டினாள்.

"ரெண்டா வெச்சுக்கண்ணா. ஒண்ண தொலைச்சாலும் இன்னொண்ணு இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டிலேயே பிளைவுட் அறுத்து, மேலே பஞ்சு வைத்து ரெக்ஸின் அடித்தேன். ஒரு பழைய ஆஸ்பத்திரி டிராலியிலிருந்து கழித்துப் போட்ட நாலு சக்கரத்தைப் பூட்டினேன். நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் மரச் சரிவு, கக்கூஸ் சுவரில் பிடித்து ஏற ஒரு வளைந்த குழாய். எல்லாம் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவள் நாலு மாதம் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். கொண்டுபோய்ப் பொருத்தினேன். பலகையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினாள். கூடம் முழுக்க ஒரு சுற்று வந்தாள். அடுப்புக்கிட்டே போய் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அண்ணாந்து முழுசும் குடித்தாள். பின்கதவைத் தாண்டும்போது சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் பின்னாலேயே போனேன். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். நீ எங்கே வருகிறாய், போய்த் தெருவில் நில் என்றாள். நானும் அவள் அண்ணனும் தெருவில் போய் நின்றோம். உள்ளே பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் பீடியைப் பற்ற வைத்தான். அது பற்றுவதற்குள் நாலு குச்சி ஆனது.

இதோடு கதை முடிந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஏதோ கடைசியிலாவது செய்தோம் என்று இருந்திருப்பேன். நான் அந்தப் பலகையை ஷெட்டில் செய்யவில்லை. சார் கண்ணில் படக்கூடாது என்று வீட்டில் ஒளித்துச் செய்தேன். அதற்கு ஒரு பாரமும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மற்ற பதினோரு வீட்டின் பின்கதவையும் யாராவது போய் அளந்திருப்பார்கள். அங்கெல்லாம் யார் யார் அரை டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்களோ எனக்குத் தெரியாது. அவள் வாய்விட்டுச் சொன்னதால் அவளுக்கு மட்டும் கிடைத்தது. மாசத்தின் இரண்டாவது செவ்வாய், புதன் நான் அவர்கள் வீட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். காபி குடித்தேன். டிக் போட்டேன். டெல்லியில் சரி என்று சொல்லிவிட்டார்கள், அதே அகலத்தில் நாற்காலிகள் வேறு ஊர்களிலும் செய்யப்பட்டன.

அதற்குப் பிறகு பல வருஷம் கழித்து, சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம், கீழ்க்கட்டளை ரேஷன் கடை வாசலில் அதே நாற்காலி ஒன்றைப் பார்த்தேன். ஒருவர் அதில் அரிசி மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய மாமாவுக்குக் கொடுத்ததாம், வீட்டுக்குள் எந்தக் கதவிலும் போகவில்லையாம். அன்றைக்குத்தான் முதல்தடவையாக வெளியே எடுத்திருக்கிறார். நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். டயரின் ஓரத்தில் முடி அப்படியே இருந்தது. என் மூட்டில் ஒரு விரிசல் கூட இல்லை. அருமையாக இருந்தது.

மனசு கேட்காமல் மறுநாள் அனகாபுத்தூர் போனேன். அதற்குள் அவள் பலகைக்கு இரண்டு தடவை சக்கரம் மாற்றிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது தடவையும் மாற்ற வேண்டியிருந்தது. ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை மாதிரி ஆகியிருந்தது. அண்ணன் குழந்தைகள் இரண்டு பேர் அவள் பலகைக்குப் பின்னால் ஓடி விளையாடினார்கள். நான் கழற்றிப் போட்ட சக்கரங்களில் ஒன்றை எடுத்து அவள் என் கையில் வைத்தாள்.

"இத உங்க சாருகிட்ட காட்டுண்ணா. இதுல முடி கீதா பாரு."

காட்டுகிறேன் என்றேன். சார் அந்த மாதம் ரிடையர் ஆகிறவர். மறுநாள் அவர் அறைக்குப் போனேன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். பழைய பாரங்களின் கட்டு ஒன்று நாற்காலியில் இருந்தது. என் கை பேன்ட் பையில் சக்கரத்தைப் பிடித்திருந்தது. "என்ன தம்பி?" என்று கேட்டார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு சார்" என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, இத்தனை வருஷத்தில் நாம் செய்ததில் உருப்படியானது அந்த நாற்காலிதான் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

சார் இப்போது உயிரோடு இல்லை. என் டூல் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவில் கிடந்து, சின்னவன் உருட்டி விளையாடி, நேராக ஓடவில்லை என்று தூக்கிப் போடுவானே, அந்தச் சக்கரம்தான் அது. நேற்று அதைத் துடைத்து, ஹாலில் படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டு இது எதற்கு இங்கே என்றாள். பசங்க வந்து சொல்லுவாங்க என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.